ஈர விறகு

2019 ஜூலை 2 அன்று, இந்திய நேரப்படி இரவு 7.12 மணிக்கு, பல இணையதளங்களின் முன்னே நின்று அவற்றைக் காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் அதன் ஃபயர்வாலில் சில விதிகளைப் புதுப்பித்தார். வலைப்பக்கங்களுக்குள் கள்ளத்தனமாக நிரல் துணுக்கைச் செருகும் தாக்குதலை அடையாளம் காண்பதற்கான விதிகள் அவை. வழக்கமான சோதனைகளைத் தாண்டித்தான் அவை வந்திருந்தன. போதாததற்கு ஒத்திகை நிலையில்தான் அனுப்பப்பட்டன. சந்தேகமான ஒன்றைக் கண்டால் குறித்து வைத்துக்கொள்ளும், எதையும் தடுக்காது. எதையும் தடுக்காத காவலாளியால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும்?

சில நொடிகளில் உலகெங்கும் உள்ள அந்த நிறுவனத்து சர்வர்களின் சிபியு நூறு சதவீதத்தைத் தொட்டது. கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்த தளங்களில் 502 என்ற பிழைச் செய்தி மட்டும் வந்தது. மிக மோசமான கட்டத்தில் போக்குவரத்து 82 சதவீதம் சரிந்தது. ஃபயர்வாலை உலகம் முழுக்க ஒட்டுமொத்தமாக அணைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அதுவரை 27 நிமிடங்கள் ஓடிவிட்டன.

காரணம் ஒரேயொரு ரீஜெக்ஸ். எழுத்துத் தொடர்களில் ஒரு வடிவத்தைத் தேடுவதற்கான சூத்திரம் அது. அதன் நடுவே ‘எது வேண்டுமானாலும் வரலாம், பிறகு மறுபடியும் எது வேண்டுமானாலும் வரலாம், பிறகு ஒரு சமக்குறி’ என்ற பொருளில் ஒரு பகுதி இருந்தது. இரண்டு ‘எது வேண்டுமானாலும்’ அடுத்தடுத்து வந்தால், எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க எந்திரம் எல்லா வாய்ப்புகளையும் முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்க்கும். சமக்குறிக்கு இருபுறமும் ஒவ்வோர் எழுத்து இருந்தால் 23 படிகளில் வேலை முடிந்துவிடும். வலப்புறம் இருபது எழுத்துகள் வந்தாலோ 555 படிகள். எழுத்து கூடக் கூட உழைப்பு அதைவிட வேகமாகக் கூடுகிறது.

சோதனை பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விதி தாக்குதலைப் பிடிக்கிறதா, நல்லதைத் தொடாமல் விடுகிறதா என்று கேட்டார்கள். அதற்குச் சரியான பதில் கிடைத்தது. அந்த வேலைக்கு எவ்வளவு சிபியு செலவாகிறது என்று கேட்கும் வழி அந்தச் சோதனைத் தொகுப்பில் இருக்கவில்லை. கேட்டதற்கு உண்மையான பதில் வந்தது, இருந்தும் உலகின் ஒரு பகுதி அணைந்து போனது. அப்படியானால் ஒரு சோதனையிலிருந்து நமக்குக் கிடைப்பது என்ன வகையான அறிவு?

பொறியியல் பாடமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, கணினிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. தமிழில் அதற்கு ஒரு பெயரும் உண்டு. அளவை.

நெல்லை அளக்கும் படிக்கும் மரக்காலுக்கும் வழங்கிய அதே சொல்லைத்தான், எதை வைத்து ஒன்றை உண்மை என்று அறிகிறோமோ அந்தக் கருவிக்கும் தமிழ்ச் சிந்தனையாளர்கள் வைத்தார்கள். வடமொழியில் பிரமாணம். மணிமேகலை 27ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரின் கருத்துகளைக் கேட்கிறாள் மணிமேகலை. முதலில் பேசும் அளவைவாதி காட்சி, கருதல் என்று தொடங்கிப் பத்து அளவைகளை அடுக்குகிறான். இரண்டு காதைகள் தாண்டி, காஞ்சியில் அறவண அடிகள் அவற்றில் இரண்டே போதும் என்று பௌத்த நெறியில் நின்று விளக்குகிறார். கண்டறிவது ஒன்று, கண்டதைக் கொண்டு காணாததைக் கருதி அறிவது இன்னொன்று. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்ற புகழ்பெற்ற எடுத்துக்காட்டும் அங்கே வருகிறது. இன்று ஒரு ஃபயர்வாலை மேசைமேல் வைத்து அளந்து, ‘இது நாளை எங்கள் அலுவலகத்தில் தாங்கும்’ என்று சொல்லும் பொறியாளர் செய்வதும் இந்தக் கருதலைத்தான். மேசை அவருடைய அடுக்களை. அலுவலகம் தூரத்து மலை.

ஃபயர்வால் என்ற பெயரே கட்டடக் கலையிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுக்கும் சுவர் அது. வலையமைப்பில் அந்தச் சுவரின் தேவையைப் பலருக்கும் உணர்த்தியது 1988 நவம்பர் 2 அன்று பரவிய மாரிஸ் புழு. சுமார் 6,000 கணினிகளை அது பாதித்ததாக அப்போது மதிப்பிட்டார்கள். இன்றைய அளவில் அது சிறிய எண். அன்றைய இணையத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. அதையொட்டிய ஆண்டுகளில் டி.இ.சி. நிறுவனத்திலும் பெல் ஆய்வகத்திலும் பாக்கெட்டுகள் எனும் தரவுப் பொட்டலங்களை வடிகட்டும் வாயில்கள் உருவாகின. 1994இல் செக் பாயின்ட் நிறுவனத்தின் ஃபயர்வால் சந்தைக்கு வந்தது. வந்து போகும் ஒவ்வொரு தொடர்பையும் நினைவில் வைத்திருந்து, இது ஏற்கெனவே அனுமதித்த பேச்சின் தொடர்ச்சியா என்று பார்க்கும் முறை அதிலிருந்து பரவலானது.

நினைவு வைத்திருக்கும் காவலாளி. இவரை எப்படி அளப்பது?

1999இல் ஸ்காட் பிராட்னரும் ஜிம் மெக்குவெய்டும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2544 என்ற ஆவணம் வலைக்கருவிகளை அளப்பதற்கான முறையை வகுத்தது. அதில் த்ரூபுட் என்பதற்கு உள்ள இலக்கணம் கண்டிப்பானது. அனுப்பிய ஃப்ரேம்களின், அதாவது பாக்கெட்டைச் சுமக்கும் சட்டங்களின், எண்ணிக்கையும் மறுபுறம் வந்து சேர்ந்த எண்ணிக்கையும் சமமாக இருக்கும் மிக உயர்ந்த வேகமே த்ரூபுட். கோடியில் ஒன்று தொலைந்தாலும் வேகத்தைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். 64 பைட்டில் தொடங்கி 1518 பைட் வரை ஈதர்நெட்டுக்கு ஏழு அளவுகளில் ஓட்ட வேண்டும். சோதனைப் போக்குவரத்து உண்மையான இணையத்துக்குள் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக 198.18.0.0 முதல் 198.19.255.255 வரை ஒரு முகவரித் தொகுதியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. யாரும் குடியிருக்காத ஊர் அது. ஃபயர்வால்களுக்கென்றே 2003இல் ஆர்.எஃப்.சி. 3511 வந்தது. ஒரே நேரத்தில் எத்தனை தொடர்புகளைத் தாங்கும், நொடிக்கு எத்தனை புதிய தொடர்புகளை ஏற்கும், தாக்குதல் நடக்கும்போது எப்படி நிற்கும் என்பதையெல்லாம் அளக்கும் வழிகளை அது சொன்னது.

ஏழு அளவுகள் எதற்கு என்று கேட்கலாம். 10 கிகாபிட் வேகத்தில் 1518 பைட் ஃப்ரேம்களை அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 8,12,700 ஃப்ரேம்கள் வரும். 64 பைட்டாகச் சுருக்கினால் 1,48,80,952. குழாயில் ஓடும் வேகம் அதேதான், ஆனால் காவலாளி முன் வந்து நிற்பவர்களின் எண்ணிக்கை பதினெட்டு மடங்குக்கு மேல். ஒவ்வொருவருக்கும் அவர் ஒதுக்கக்கூடிய நேரம் 67 நானோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது சுமார் 200 துடிப்புகள். அதற்குள் யார், எங்கிருந்து, எங்கே, முன்பே பேசியவரா, எந்த விதி பொருந்தும் என்று பார்த்து முடித்தாக வேண்டும்.

விற்பனைத் தாள்களில் பெரிதாக அச்சிடப்படும் எண் பெரும்பாலும் பெரிய பாக்கெட்டுகளை வைத்து அளந்தது. தாக்குதல் கண்டறியும் வசதியையும் மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதியையும் இயக்கினால் எண் வேகமாகச் சரியும். அந்த எண்கள் தாளின் கீழ்ப்பகுதியில் இருக்கும், சில சமயம் இருக்காது. பெரிய எண் பொய் அல்ல. அளந்தபோது அது உண்மைதான்.

இங்கேதான் இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான நியாய தரிசனத்தார் கண்டெடுத்த ஒரு நுட்பம் கைகொடுக்கிறது. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்பது சரியான கருதல். திருப்பிச் சொன்னால், அதாவது நெருப்பு இருக்கும் இடத்தில் புகை இருக்கும் என்றால், அது தவறு. காய்ச்சிச் சிவந்த இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அப்படியானால் அடுக்களையில் நெருப்போடு புகை வந்தது ஏன்? விறகு ஈரமாக இருந்தது. பார்த்தவர் நெருப்பையும் புகையையும் இணைத்தார், நடுவில் இருந்த ஈர விறகைக் கணக்கில் கொள்ளவில்லை. சொல்லாமல் நின்று விதியைத் தாங்கிக்கொண்டிருக்கும் இந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். நூறு அடுக்களைகளைப் பார்த்தாலும் நூறிலும் ஈர விறகு இருந்தால் தவறு தெரியப்போவதில்லை. மேலும் மேலும் பார்ப்பதால் உபாதி விலகாது. விறகை மாற்றிப் பார்த்தால்தான் விலகும்.

‘இந்த ஃபயர்வால் 10 கிகாபிட் தாங்கும்’ என்ற வாக்கியத்தின் ஈர விறகு 1518 பைட். இன்னொரு ஈர விறகு, சோதனையின்போது விதிப்பட்டியலில் இருந்த ஒன்றிரண்டு விதிகள். மூன்றாவது, அணைத்து வைத்திருந்த லாக் பதிவு. எத்தனை முறை திரும்ப அளந்தாலும் அதே எண் வரும், நம்பிக்கை வளரும், நிபந்தனை மட்டும் கண்ணில் படாது.

2016இல் டென்மார்க்கின் டி.டி.சி. நிறுவனத்துப் பாதுகாப்புப் பிரிவினர் வெளியிட்ட பிளாக்நர்ஸ் என்ற தாக்குதல் இதை வெட்ட வெளிச்சமாக்கியது. ‘நீங்கள் தேடிய கதவு இங்கே இல்லை’ என்று கணினிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஐ.சி.எம்.பி. செய்தி ஒன்று உண்டு. அந்தச் செய்தியை மட்டும் நொடிக்கு 40,000 முதல் 50,000 வரை அனுப்பினால், பெரிய நிறுவனங்களின் சில ஃபயர்வால்களில் சிபியு திணறி, உள்ளே இருப்பவர்களுக்கு இணையமே இல்லாமல் போனது. அதற்குத் தேவைப்பட்ட வேகம் 15 முதல் 18 மெகாபிட் மட்டுமே. வீட்டு இணைப்பும் ஒரு மடிக்கணினியும் போதும். அதைவிடப் பல மடங்கு கனமான வெள்ளத்தைத் தாங்கும் என்று அளந்து சொல்லப்பட்ட கருவிகள், வேறொரு விறகு வைத்ததும் அணைந்தன.

அளப்பவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். டேவிட் நியூமனும் டிம்மன்ஸ் பிளேயரும் 2007இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 4814 முழுக்க இந்த ஒரு கவலைதான். சோதனைக் கருவி ஒரே ஜோடி முகவரியிலிருந்து வரிசையாக, ஒழுங்காகப் பாக்கெட்டுகளை அனுப்புகிறது. உண்மையான வலையில் முகவரிகள் தாறுமாறாக இருக்கும். உள்ளே வேலையைப் பல சிபியு கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கணக்கு முகவரியைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. முகவரி ஒன்றே ஆனால் எல்லாம் ஒரே கோரில் போய் விழும், நல்ல கருவியும் மோசமாகத் தெரியும். ஒரே தொடர்பு மறுபடி மறுபடி வந்தால், அதன் விவரம் கேஷ் நினைவகத்திலேயே நிற்பதால் சுமாரான கருவியும் பிரமாதமாகத் தெரியும். ஆகவே முகவரிகளைக் குலுக்கிப் போடுங்கள் என்கிறது அந்த ஆவணம். மிதிலையில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நியாய அறிஞர் கங்கேசர் படித்திருந்தால் அதன் நோக்கத்தை முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பார்.

ஆனால் ஈர விறகுகளை எண்ணி முடிக்க முடியுமா? காட்சி ஒன்றையே அளவையாக ஏற்ற உலோகாயதர் கேட்டது இதைத்தான். எல்லா மலைகளையும் எல்லா அடுக்களைகளையும் பார்த்தவர் யாருமில்லை, நாளைய புகையைப் பார்த்தவரும் இல்லை, ஆகவே கருதல் என்பதே நம்பத்தகாதது, கண்டதே காட்சி என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹ்யூம் வேறு பாதையில் அதே இடத்துக்கு வந்தார். நிரல்களைச் சோதித்துக் குறை இருப்பதைக் காட்ட முடியும், குறை இல்லை என்று காட்டவே முடியாது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969இல் சொன்னதும் அதன் கணினி வடிவம்தான். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கிளவுட்ஃப்ளேரின் 27 நிமிடங்கள் அதன் பக்கம் நிற்கின்றன.

இதற்கு உதயணர் கொடுத்த பதில்தான் இந்தத் தொழிலுக்கு மிக நெருக்கமானது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மிதிலையில் வாழ்ந்த நியாய அறிஞர் அவர். சந்தேகத்துக்கு எல்லை உண்டு என்றார். சந்தேகிப்பவரின் சொந்தச் செயலோடு சந்தேகம் முரண்படும் இடமே அந்த எல்லை. நெருப்புக்கும் புகைக்கும் தொடர்பு உண்டா என்று ஐயப்படுபவர், புகை வேண்டும் என்றால் நெருப்பைத்தானே மூட்டுகிறார்? வாயால் மறுப்பதைக் கையால் ஒப்புக்கொள்கிறார். சோதனையே வீண் என்று சொல்லும் ஒருவர், சோதிக்காத ஃபயர்வாலைத் தன் மருத்துவமனையின் வாசலில் வைக்கமாட்டார். ஐயம் நியாயமானது. ஆனால் ஐயத்தோடும் வாழ்ந்தாக வேண்டும், வாசலில் ஏதாவது ஒன்றை வைத்தாக வேண்டும்.

இன்னும் ஒரு பழைய வழக்கு இதில் குறுக்கிடுகிறது. ஓர் அறிவு உண்மைதான் என்பது எப்படித் தெரியவரும்? வேத விளக்க மரபினரான மீமாம்சகர் பக்கத்து விடை: அறிவு தோன்றும்போதே மெய் என்ற தகுதியோடு தோன்றுகிறது, பொய் என்று காட்டப்படும்வரை அது மெய். நியாயத்தார் ஒப்பவில்லை. தாகம் எடுத்தவன் தூரத்தில் தண்ணீரைப் பார்க்கிறான். அது கானலாகவும் இருக்கலாம். நடந்துபோய்க் குடித்துத் தாகம் அடங்கினால் அவன் கண்டது மெய் என்பது உறுதியாகிறது. செயல் பலித்ததே சான்று.

தொழில்நுட்ப உலகம் இந்த வழக்கில் எப்போதோ நியாயத்தார் பக்கம் சாய்ந்துவிட்டது. மேசைச் சோதனையில் தேறியதை மெய் என்று எடுத்துக்கொண்டு உடனே எங்கும் பரப்பாமல், சிறு பகுதிக்கு மட்டும் கொடுத்து, தாகம் அடங்குகிறதா என்று பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கிறார்கள். கிளவுட்ஃப்ளேரிலும் மென்பொருள் மாற்றங்களுக்கு அந்த ஏற்பாடு இருந்தது. முதல் கட்டத்தில் அந்நிறுவன ஊழியர்கள் மட்டுமே பயன்படுத்தும் சர்வர்கள், அடுத்து இலவச வாடிக்கையாளர்களில் ஒரு சிறு பகுதி, பிறகுதான் மற்றவர்கள். செய்தவர்களே முதல் மிடறைக் குடிக்கும் அந்த ஒழுங்கு, தத்துவத்தைத் தாண்டி அறமும் ஆகிறது. யாரோ ஒருவர் முதலில் குடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அது கிணறு வெட்டியவராக இருப்பதே நேர்மை. ஆனால் ஃபயர்வால் விதிகளுக்கு மட்டும் அப்போது இந்தப் படிகள் இருக்கவில்லை. புதுத் தாக்குதல் கிளம்பினால் நொடிகளில் தடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், விதிகள் உலகம் முழுவதற்கும் ஒரே மூச்சில் போயின. அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள்.

அளப்பது ஒரு பாதி என்றால், அளந்தபின் முடுக்குவது மறுபாதி. டியூனிங் என்ற சொல் இசையிலிருந்து வந்தது. தம்புராவின் தந்தியை முறுக்கினால் சுதி ஏறும், கூடவே தந்தியின் இழுவிசையும் ஏறும். ஃபயர்வாலிலும் இலவசமாக எதுவும் ஏறுவதில்லை.

லினக்ஸ் சர்வரில் ஐபிடேபிள்ஸ் கொண்டு ஃபயர்வால் அமைப்பவர்களுக்குத் தெரியும். விதிகளை அது மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும், பொருந்தியதும் நிற்கும். ஆயிரம் விதிகள் இருந்து, அதிகம் வருபவருக்கான விதி கடைசியில் இருந்தால், அவர் வரும் ஒவ்வொரு முறையும் மீதி எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். அடிக்கடி பொருந்தும் விதியை மேலே ஏற்றுவதுதான் முதல் முடுக்கம். வேகம் கூடும். ஆனால் இரண்டு விதிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால், இடம் மாற்றிய கணமே பொருளும் மாறிவிடும். நேற்று மறுக்கப்பட்டவர் இன்று உள்ளே வருவார். வேகத்துக்காகச் செய்த மாற்றம் நீதியை மாற்றிவிடுகிறது, வேக அளவீட்டில் அது தெரியாது. ஆய்வாளர் அவிஷை வூல் 2004இல் வெளியிட்ட ஆய்வில் நடைமுறையில் இருந்த 37 விதித்தொகுப்புகளை எடுத்துப் பார்த்தார். தொகுப்பு சிக்கலாக ஆக ஆகப் பிழைகளும் கூடியிருந்தன.

இரண்டாவது முடுக்கம் பஃபர். பாக்கெட் தொலையக் கூடாது என்பதுதான் ஆர்.எஃப்.சி. 2544 காலத்திலிருந்து தேர்ச்சியின் அடையாளம். ஆகவே காத்திருப்பு அறையைப் பெரிதாக்கினார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை, எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இழப்பு சுழி, மதிப்பெண் நூறு. அதே நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு இழுத்து இழுத்துப் பேசியது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பு ஏன் திணறுகிறது என்று ஆராயப்போய், அளவுமீறிய பஃபர்களே நோய் என்று கண்டு அதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். தரவை அனுப்பும் டி.சி.பி. நெறிமுறை தன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தொலைந்துபோன பாக்கெட்டைக் கண்டே தெரிந்துகொள்ளும். எதுவுமே தொலையாவிட்டால் அதற்குச் செய்தி போய்ச் சேராது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேகப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறை, நெடுநேரமாக வரிசை நின்றால் வேண்டுமென்றே சில பாக்கெட்டுகளைக் கைவிடுகிறது. இழப்பே இருக்கக் கூடாது என்று அளந்தவர்கள், சரியான நேரத்தில் இழப்பது ஒரு சேவை என்று கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவதுதான் மிகவும் யோசிக்க வைப்பது: மறதி.

நினைவு வைத்திருக்கும் காவலாளிக்கு நினைவகம் எல்லையுள்ளது. லினக்ஸின் நெட்ஃபில்டர் ஒவ்வொரு தொடர்பையும் ஒரு பட்டியலில் எழுதுகிறது. பட்டியல் நிரம்பினால் ‘இடமில்லை, பாக்கெட்டைக் கைவிடுகிறேன்’ என்ற வரி லாகில் விழத் தொடங்கும். அதைக் கண்டு நள்ளிரவில் எழுந்து ஓடாத நிர்வாகி குறைவு. ஆகவே பழையவற்றை மறக்க வேண்டும். முறைப்படி விடைபெற்றுப் போன தொடர்பை மறப்பதில் சிக்கலில்லை. விடைபெறாமல் மௌனமாகிவிட்ட தொடர்பை என்ன செய்வது? மறுமுனையில் இருந்தவர் கணினியை அணைத்துவிட்டாரா, அல்லது யோசித்துக்கொண்டிருக்கிறாரா? மௌனம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இல்லாமையை எதைக் கொண்டு அறிவது என்பது குமாரிலபட்டர் பெரிதும் உழைத்த கேள்வி. மேசைமேல் குடம் இல்லை என்பதைக் கண் காண்பதில்லை, குடம் காணப்படாமையே அதை அறிவிக்கிறது, ஆகவே அது தனி அளவை என்றது அவருடைய பட்ட மீமாம்சை. மணிமேகலையில் அளவைவாதி சொல்லும் பத்திலும் அபாவம் ஒன்று. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்ற சூழலில்தான் காணாமை சான்றாகும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

ஃபயர்வால் இருட்டறையில் நிற்கிறது. நிலைபெற்ற டி.சி.பி. தொடர்பு ஒன்று மௌனமாக இருந்தால், நெட்ஃபில்டர் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 4,32,000 நொடிகள், அதாவது ஐந்து நாட்கள். கலியுகத்துக்குப் புராணக் கணக்கு சொல்லும் ஆண்டுகளும் 4,32,000. தற்செயல்தான், ஆனாலும் ஒருமுறை பார்த்தால் மறக்காத எண். பரபரப்பான சர்வர்களில் ஐந்து நாள் தாங்காது என்று அதைச் சில மணி நேரமாக, சிலர் சில நிமிடமாகக்கூடச் சுருக்குவார்கள். பட்டியல் மெலியும், அளவீட்டு எண் அழகாகும். அப்போது எங்கோ ஒரு வங்கியின் தரவுத்தளத்தோடு திறந்து வைத்த தொடர்பு, உயிரோடு இருக்கும்போதே இறந்ததாகக் கணக்கெழுதப்படும். முகவரி மாற்றும் கருவிகளுக்காக 2008இல் வந்த ஆர்.எஃப்.சி. 5382 இதற்கு ஒரு கீழ்வரம்பு வைத்தது. 2 மணி 4 நிமிடத்துக்கு முன் மறக்காதே. ஏன் அந்த எண்? ‘இருக்கிறாயா?’ என்று மறுமுனை தட்டிப் பார்க்கும் வழக்கத்தின் இயல்பான இடைவெளி 2 மணி நேரம். கேட்பதற்கும் பதில் வருவதற்கும் 4 நிமிடம் சேர்த்தார்கள். குமாரிலரின் நிபந்தனை இதில் அப்படியே இருக்கிறது. உயிரோடு இருந்தால் இதற்குள் குரல் கேட்டிருக்கும் என்ற நேரம்வரை காத்திரு, அதன்பிறகு மௌனம் சான்றாகலாம்.

இப்போது மறுபடி அந்த ஜூலை இரவுக்கு வரலாம். நிறுவனத்தின் அப்போதைய தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜான் கிரஹாம்-கம்மிங் பத்து நாள் கழித்து நீண்ட விளக்கம் ஒன்றை வெளியிட்டார். அதில் மனத்தை உறுத்தும் ஒரு தகவல் உண்டு. ஒரு ரீஜெக்ஸ் அளவுமீறி சிபியுவை உண்ணாமல் தடுக்கும் காப்பு ஒன்று ஃபயர்வாலில் முன்பு இருந்தது. சில வாரங்களுக்கு முன் நிரலைத் திருத்தி எழுதியபோது தவறுதலாக அது நீக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தின் நோக்கம், ஃபயர்வால் குறைவான சிபியுவைப் பயன்படுத்த வேண்டும் என்பது. வேகத்துக்காக முடுக்கிய கையே வேகத்தின் காவலைக் கழற்றிவிட்டது. அந்தச் சில வாரங்களில் எத்தனை முறை அளந்திருந்தாலும் எண் நன்றாகவே இருந்திருக்கும். அந்தக் காப்பு தேவைப்படும் விறகு அதுவரை அடுப்பில் வைக்கப்படவில்லை.

அவர்கள் மேற்கொண்ட திருத்தமும் கவனத்துக்குரியது. கூடுதல் சோதனைகளோடு நிற்காமல் ரீஜெக்ஸ் எந்திரத்தையே மாற்ற முடிவு செய்தார்கள். கென் தாம்சன் 1968இல் காட்டிய வழியில், பின்னோக்கிப் போய்ப் போய் முயலாமல், எல்லா வாய்ப்புகளையும் ஒரே நடையில் தூக்கிச் செல்லும் எந்திரங்கள் உண்டு. அவற்றில் உள்ளீடு இரட்டித்தால் உழைப்பும் அந்த விகிதத்தில்தான் கூடும். இது அடுக்களைகளை எண்ணிப் பெற்ற அறிவு அல்ல, கட்டுமானத்திலிருந்தே பிறக்கும் உறுதி. எங்கெல்லாம் இத்தகைய உறுதி கிடைக்குமோ அங்கெல்லாம் அதையே எடுத்துக்கொள்வதுதான் பொறுப்புள்ள செயல். அது கிடைக்காத இடங்கள் மிகப் பல. அங்கே அளவீட்டைத் தவிர வேறு துணை இல்லை.

அந்த விளக்கத்தை வெளியிட்டதில் ஒரு மரியாதை இருக்கிறது. எது தெரியாமல் இருந்தது, எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை, எந்த நிபந்தனையின்மேல் நம்பிக்கை நின்றது என்று வரிசையாக எழுதினார்கள். உபாதியை ஒளிக்கவில்லை. ஒரு சோதனை முடிவு தவறாகப் போவது மனித வரம்பு. அளந்தபோது இருந்த நிபந்தனை தெரிந்தும் அதை மறைத்து எண்ணை மட்டும் சொல்வது அந்த வரம்புக்குள் அடங்காது. அது பொய்தான். எண் சரியாக இருப்பதால் அது மெய்யாகிவிடாது.

2023இல் வந்த ஆர்.எஃப்.சி. 9411, இருபது ஆண்டுப் பழைய 3511ஐ ஓய்வுபெற வைத்தது. பாதுகாப்பு வசதிகளை இயக்கிவைத்தே வேகத்தை அளக்க வேண்டும், விதிகளின் எண்ணிக்கையையும் அமைப்பையும் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்பது அதன் போக்கு. பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ கூட்டுறவு வங்கிக்கோ ஃபயர்வால் வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், தாளில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பாக்கெட் எந்த அளவு, எத்தனை விதிகள் இருந்தன, எந்தெந்தக் காவல்களை அணைத்துவிட்டு அளந்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.